ஆயிரம் ஒயர் வாங்கி அபூர்வ சிந்தசைசர்

மேடையில் மின்னிசை வாசிக்கப்போகிறவர் முதலில் செய்ய வேண்டியது கருவி வாங்குவது. என்ன வாசிக்கப்போகிறோம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, நாலு ஒயர் என்று சாதுவாக வீடு திரும்ப வேண்டியதாகிவிடும்.

கடையில் காதுக்கு வேலை கொடுக்காதீர்கள், கண்ணுக்குக் கொடுங்கள். கோயில் திடலில் கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிக்காரருக்கு உங்கள் ஃபில்டரின் நயம் போய்ச் சேராது; மினுங்கும் விளக்கு போய்ச் சேரும். கருவியின் முதுகில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். சபை பார்ப்பது முதுகைத்தான். இரண்டடுக்கு ஸ்டாண்டு கட்டாயம். மேலடுக்குக் கீபோர்டில் சத்தம் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. எதற்கென்றே தெரியாத குமிழ் ஒன்றாவது இருக்கட்டும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு திருக அது வேண்டும்.

கச்சேரிகளில் தேய்ந்த பழைய ஆட்கள் வேறு மாதிரி பேசுவார்கள். டிரான்ஸ்போஸ் பட்டன் சட்டென்று கைக்கு எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பாடகர் மேடையேறி மைக்கைப் பிடித்த பிறகுதான் திரும்பி, "தொண்டை கட்டியிருக்குண்ணே, அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். ஒரு டோனிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது முன்னது அறுந்துபோகாமல் ஓய்கிறதா, ஃபோகஸ் விளக்கு நேராக அடிக்கும்போது திரையில் எழுத்து தெரிகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். இப்படிப்பட்டவர்களைக் கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள். செலவு குறைந்துவிடும்.

ரிதம் பேடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரோலண்ட் கம்பெனி 1985ல் முதல் ஆக்டோபேடை வெளியிட்டது. நம் மெல்லிசைக் குழுக்களில் எந்தக் கம்பெனிப் பேடானாலும் அதே பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். எட்டுக் கட்டங்களில் தவில், உருமி, பம்பை, கைத்தட்டல் எல்லாம் குடியிருக்கும். எந்தக் கட்டத்தில் எது என்பதைக் கச்சேரிக்குச் சற்று முன்னால் மாற்றி வையுங்கள். மெலடிப் பாட்டின் இரண்டாவது வரியில் ஒரு விசில் சத்தம் வந்து விழுவதை மேடையில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி முக்கியமான கட்டம். வாங்கிய கருவிகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஓட வேண்டும்.

1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் ஒரு புராபெட்-600ஐயும் ஒரு ஜுபிடர்-6ஐயும் ஒயரால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் பேசியது. இரண்டும் போட்டிக் கம்பெனிகளின் கருவிகள். மிடி என்ற அந்த ஏற்பாட்டுக்காகப் புராபெட்டைச் செய்த டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013ல் டெக்னிகல் கிராமி கொடுத்தார்கள். போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒத்துப்போய்விட்டார்கள். நம் குழுவில் கீபோர்டுக்காரரும் பேடுக்காரரும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள்.

மிடி கிளாக்கின் வேலை எளிது. ஒரு கருவி மாஸ்டர். அது ஒவ்வொரு கால் நோட்டுக்கும் 24 துடிப்பு அனுப்பும். வேகம் 120 என்றால் நொடிக்கு 48 துடிப்பு. அந்தத் துடிப்பில் வேகம் இத்தனை என்ற எண் எதுவும் கிடையாது. "இதோ, இதோ, இதோ" என்று மட்டும் அது சொல்லும். எண்ணிப் பார்த்து நடக்க வேண்டியது வாங்கிக்கொள்ளும் கருவியின் பாடு. ஆகவே ஒரே ஒரு கருவி சொல்ல, மற்றதெல்லாம் கேட்க வேண்டும். மெனுவில் மாஸ்டர் தவிர மற்ற எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் கிளாக்கில் வைத்தால் முடிந்தது.

இதில் சுயமரியாதை எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் இன்டர்னலிலேயே விடுங்கள். எல்லாத் திரையிலும் 120 என்று போட்டுவிட்டு, ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துங்கள். முதல் பல்லவி பிரமாதமாக இருக்கும். ஒரு கருவியின் உண்மையான வேகம் 120.1 ஆக இருந்தால் (பல திரைகள் தசமத்தைக் காட்டுவதில்லை) ஒரு நிமிடம் வரை தேர்ந்த காதுக்கு மட்டும் ஏதோ உறுத்தும். ஐந்து நிமிடத்தில் சரியாக அரை பீட் விலகியிருக்கும். அதாவது கடைசிச் சரணத்தில் கிக் விழ வேண்டிய இடத்தில் ஹைஹேட் விழும். கேட்பவர்கள் இதைப் புதுவிதமான எதிர்த்தாளம் என்று நினைத்துக்கொண்டால் நீங்களும் மறுக்க வேண்டாம்.

ஒயர் விஷயத்தில் சிக்கனமே சிறப்பு. மிடி பிளக்கில் ஐந்து பின் இருந்தாலும் வேலை செய்வது மூன்றுதான். பழைய டேப் ரெக்கார்டர் ஒயரிலும் அதே ஐந்து பின் பிளக் வரும். சென்னை ரிச்சி தெருவில் அதைக் குறைந்த விலைக்கு வாங்கிச் செருகுங்கள். உள்ளே இணைப்பு தலைகீழாக இருந்தால் கருவிகள் அன்றைக்கு மௌன விரதம். ஒரு மிடி ஒயர் 15 மீட்டர் வரைதான் போகலாம் என்பது விதி; மேடையிலிருந்து மிக்ஸர் பந்தல்வரை 30 மீட்டருக்கு இழுத்துப் பார்க்கத் தடையேதும் இல்லை.

இன்னும் குழப்பம் வேண்டுமானால் பழங்கருவிகளுக்குப் போகலாம். மிடி பிறப்பதற்கு முன்பே ரோலண்ட் கருவிகள் டின் சிங்க் என்ற முறையில் பேசிக்கொண்டன. அதற்கும் அதே ஐந்து பின் பிளக், அதே 24 துடிப்பு. ஆனால் மிடியோடு ஒட்டவே ஒட்டாது. பம்பாய்த் திரையிசையில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982ல் இந்தத் தலைமுறைக் கருவிகளை வைத்துத்தான் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டுப் போட்டார். டி.ஆர்.-808ல் தாளம், டி.பி.-303ல் பேஸ், ஜுபிடர்-8ல் ராகம். அன்றைக்கு அதைச் சீந்துவாரில்லை. 2010ல் மறுபதிப்பு வந்ததும், சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை தோன்றுவதற்கு முன்பே இந்த மனிதர் எப்படி அங்கே போனார் என்று உலகம் வாயைப் பிளந்தது. ஆகவே கருவி வாங்கிய கையோடு ஏறத்தாழ முப்பது வருடம் காத்திருக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

ஒயரே வேண்டாம் என்பவர்களுக்கு ஏபிள்டன் லிங்க் இருக்கிறது. 2016ல் வந்தது. ஒரே வைஃபையில் இருக்கும் மடிக்கணினிகளும் போன்களும் தாமே ஒத்துப்போகும். மாஸ்டர் என்று யாரும் கிடையாது. யார் வேகத்தை மாற்றினாலும் எல்லோருக்கும் மாறும். ஹாட்ஸ்பாட்டுக்குப் பாஸ்வேர்டு போடாதீர்கள். மேடைக்குப் பின்னால் இசைச் செயலியை நோண்டிக்கொண்டிருக்கும் பாடகரின் மருமகன் கையில் அன்றைய கச்சேரியின் லயம் இருக்கும்.

மடிக்கணினியில் பஃபர் அளவை 1024இல் வையுங்கள். 44,100 சாம்பிளில் அது 23 மில்லி செகண்டுக்கு மேல் வரும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் எட்டு மீட்டர் போய்விடும். உங்கள் விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு டெம்போ வேனையே நிறுத்தலாம். 64க்கு இறக்கினால் தாமதம் போய்விடும். கணினி திணறினால் படபடவென்று பொரியும். நடுவில் 128, 256 என்று இருப்பதெல்லாம் சமரசவாதிகளுக்கு.

அடுத்தது கிளிக், அதாவது தாளத்தை எண்ணிக்காட்டும் சத்தம். ஸ்டீரியோவில் இடப்பக்கம் கிளிக், வலப்பக்கம் டிராக் என்று பிரித்து, கிளிக்கை டிரம்ஸ்காரர் காதுக்கு மட்டும் அனுப்புவது வழக்கம். எந்த ஒயர் எது என்று எழுதி ஒட்டாதீர்கள். சவுண்டு சர்வீஸ்காரர் இரண்டையும் எடுத்து மிக்ஸரில் செருகுவார். திடல் முழுக்க, தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் உட்பட, டொக் டொக் டொக் டொக்.

"அண்ணே, அந்தச் சத்தம் வெளிய வரக்கூடாதுண்ணே!"

"எது தம்பி, அந்தக் கட்டைச் சத்தமா? அது ஒண்ணுதான் தெளிவா வருது. இன்னும் கொஞ்சம் ஏத்தி விடவா?"

இத்தனையும் தாண்டி எல்லாம் ஒத்துப்போனாலும் கவலைப்படாதீர்கள், ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது சரணம் தொடங்கும் நேரத்தில் சிறப்பு விருந்தினர் வந்து சேருவார். நாட்டாமை கையைக் காட்டுவார். பாடகர் வாயை மூடுவார், தபேலாக்காரர் கையைத் தூக்குவார், பதிந்துவைத்ததை வாசிக்கும் சீக்வென்சர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அதற்குப் பொன்னாடை தெரியாது. நீங்கள் ஸ்டாப்பை அழுத்துகிறீர்கள். பொன்னாடை, மாலை, இரண்டு வார்த்தை (இருபது நிமிடம்), மறுபடி பாட்டு. இங்கேதான் உங்கள் தேர்ச்சி தெரிய வேண்டும். மிடியில் ஸ்டார்ட் என்றால் பாட்டின் தலையிலிருந்து ஓடும். கன்டின்யூ என்றால் நின்ற இடத்திலிருந்து. நீங்கள் ஸ்டார்ட்டை அழுத்துங்கள். பாடகர் சரணத்தில் இருப்பார், புல்லாங்குழலோடு முகப்பிசை ஆரம்பிக்கும். இரண்டும் எங்காவது சந்திக்கும் என்று டிரம்ஸ்காரர் நம்பி வாசிப்பார்.

கன்டின்யூ அழுத்தினாலும் தப்பிக்க முடியாது. பாடகர் உற்சாகத்தில் பல்லவியை இன்னொரு தடவை எடுப்பார். அல்லது கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும். பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, கை காட்டும்வரை ஒரே துண்டு சுற்றும்படி வைத்து, காலால் அடுத்த துண்டுக்குத் தாவுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். உருப்படியாக வாசிப்பவர்களும் அவர்கள்தான் என்பதால் இந்தக் கையேட்டில் அவர்களுக்கு இடமில்லை.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வரி. ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒரே லைனில் சீரியல் செட்டும் உங்கள் கருவியும் இருந்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் சுருதிப்பெட்டி மாதிரி கூடவே வரும். இதற்கு எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்லும் ஆள் எல்லா ஊரிலும் உண்டு. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மைக்கைத் தொட்டவுடன் பாடகர் தூக்கி வீசப்படலாம், உயிரே போகலாம். கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவே போடும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது சிக்னல் ஒயரின் எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. அதை அழுத்துங்கள், ரீங்காரம் பெரும்பாலும் போய்விடும். மேடைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் எடுங்கள்.

விளையாட்டுக்குத் திரும்பலாம். எல்லாம் கைவிட்டால் பாக்கெட்டில் பென் டிரைவ் இருக்கட்டும், மைனஸ் ஒன் டிராக்குகளோடு. மிக்ஸரிலேயே செருகி ஓட்டிவிட்டு, நீங்கள் மேலடுக்குக் கீபோர்டில் விரலை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு நீங்கள் வாசித்ததுதான் அருமை என்று கமிட்டிக்காரர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கச்சேரி முடிந்ததும் ஒயர் சுருட்டுவது உங்கள் பொறுப்பு. எட்டுப் போட்டுச் சுருட்டினால் முறுக்கு விழாது என்பார்கள். பொழுது விடிந்துவிடும், அப்படியே அள்ளிச் சாக்கில் போடுங்கள். தபேலாக்காரர் இரண்டு உருப்படிகளையும் உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு எப்போதோ பந்திக்குப் போயிருப்பார். நீங்கள் கடைசி அடாப்டரைத் தேடி எடுத்து, வண்டியில் ஏற்றிக் கைகழுவி வரும்போது வடை, பாயசம் எல்லாம் தீர்ந்திருக்கும். மோர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.