ஆனா சார்

தமிழ் படித்த எல்லாரும் ஆனாவில் ஆரம்பித்து ஆவன்னாவுக்குப் போனவர்கள். எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் பெரியவர் மட்டும் ஆனாவிலேயே தங்கிவிட்டார். லேப்டாப், வைஃபை, சார்ஜர், கேபிள் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்வார். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். பிறகு "ஆனா..." என்பார். அதற்குப் பிறகு வருவதை நின்றுகொண்டு கேட்க முடியாது.

வங்கியில் கடன் பிரிவில் 35 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கடன் விண்ணப்பங்களில் ஓட்டை தேடிய கண், ஓய்வுக்குப் பிறகு தேட விண்ணப்பம் இல்லாமல் தவித்திருக்க வேண்டும். கடவுள் அவருக்குக் கணினி விளம்பரங்களைக் கொடுத்தார். இந்த ரகம் எங்கள் கட்டடத்தோடு முடிந்துவிடவில்லை. மதுரையில் என் மைத்துனர் ஒருவர் இருக்கிறார், அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் கட்டாயம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர்களெல்லாம் கிளைகள்; தலைமை அலுவலகம் இரண்டாம் மாடிதான்.

மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, எந்த லேப்டாப் வாங்கலாம் என்று அவரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எழுந்து வரும்போது இரண்டு காப்பியும் ஒரு மோரும் ஆகியிருந்தது.

"எட்டு ஜிபி ராம் போதுமா சார்?"

"இப்போதைக்குப் போதும். ஆனா, ராம்ங்கிறது சமையல் மேடை மாதிரி. எஸ்எஸ்டி பரண் மாதிரி. பரண் எவ்வளவு பெரிசா இருந்தாலும் காய் நறுக்கறது மேடையிலதானே? மேடை சின்னதா இருந்தா சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் பாத்திரத்தை ஏத்தி இறக்கியே பொழுது போயிடும்."

"அப்போ எட்டு வாங்கிட்டு, பின்னாடி சேர்த்துக்கலாமா?"

"சேர்க்கலாம். ஆனா, மெல்லிசான மாடல் பலதுல ராமை போர்டோட வச்சுப் பத்தவச்சிடறான். வாங்கின அன்னிக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். கொஞ்சம் தடியா வாங்கினா சேர்க்க இடம் இருக்கும், ஆனா பாப்பாவுக்குத் தோள் வலிக்கும்."

பெரிய பேட்டரி இருந்தால் நேரம் நிற்கும், ஆனால் எடை கூடும். எடை குறைந்தால் விசிறிக்கு இடமில்லாமல் சூடாகும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் படம் நன்றாக ஓடும், ஆனால் வெட் கிரைண்டர் மாதிரி சத்தம் வரும். பளபளப்புத் திரையில் நிறம் அழகாகத் தெரியும், ஆனால் அதோடு நம் முகமும் பின்னாலிருக்கும் டியூப்லைட்டும் தெரியும். 100 வாட்-ஹவருக்கு மேல் பேட்டரி இருந்தால் விமானத்தில் கையோடு எடுத்துப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்றுகூட எச்சரித்தார். என் மகள் போவது மின்சார ரயிலில், தாம்பரம் வரைக்கும்.

ஒரு டெராபைட் என்று வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபிதான் காட்டுகிறதே, மீதி எங்கே என்றும் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. "யாரும் திருடலை சார். செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணறான். அவன் கணக்குக்கு ஒரு லட்சம் கோடி பைட், சரியா இருக்கும். விண்டோஸ் 1024, 1024-ஆ எண்ணுது. எங்க பாட்டி பட்டணம் படியில அளந்த அரிசியை நான் லிட்டர்ல அளந்த மாதிரி. அரிசி அதேதான்." கடன் பிரிவு மனிதர் என்பதால் கூடவே காகிதத்தில் வகுத்தும் காட்டினார்.

மகள் மூன்று வாரம் பொறுத்தாள். ஒரு சனிக்கிழமை தோழியோடு போய் நாற்பது நிமிடத்தில் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்குப்பா" என்றாள். ஆனா இல்லாத ஒரு வாக்கியத்தை அந்த மூன்று வாரத்தில் அன்றுதான் கேட்டேன்.

இத்தனை தெரிந்தவர் வீட்டில் என்னதான் வைத்திருக்கிறார் என்று யாருக்கும் ஆசை வரும். ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பொறுக்கி 2011-ல் பூட்டிய மேசைக் கணினி. டிவிடி டிரைவ் உண்டு. மவுஸுக்கு வால் உண்டு. வால் இல்லாத மவுஸ் கீழே விழுந்தால் பேட்டரி ஒரு பக்கமும் மூடி ஒரு பக்கமும் ஓடும், குனிய இடுப்பு இல்லை என்பார். அந்தக் கணினியை மாற்ற அவர் பத்து வருடமாகத் தயாராக இருக்கிறார். வைஃபை 5 வந்தபோது 6 வருகிறதாமே என்று பொறுத்தார். 2019-ல் 6-க்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்ததும் 6-இ என்று ஒரு பேச்சு அடிபட்டது, அதற்காகப் பொறுத்தார். 2024 ஜனவரியில் 7 வந்துவிட்டது. இப்போது 8-க்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்துப் பொருத்தமும் அமையட்டும் என்று காத்திருந்த மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை விழுந்த கதைதான். அவர் மனைவியோ போன் கடைக்குப் போய், கைக்கு அடங்குகிறதா என்று பிடித்துப் பார்த்து, மெரூன் நிறத்தில் ஒன்று வாங்கி வந்தார். ஏழு நிமிடம். நாலு வருடமாக அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் மேசையின் கடைசி இழுப்பறையைப் பார்த்திருக்கிறேன். கேபிள்கள். இரண்டு முனையும் டைப்-சி, எல்லாம் பார்க்க ஒரே அச்சு. ஒவ்வொன்றின் கழுத்திலும் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டி, நீல மையில் குறிப்பு: 'சார்ஜ் நன்று, தகவல் மந்தம்', 'வேகம், ஆனா குட்டை', 'நம்பாதே'. வாய் ஒன்றாக இருப்பதால் வயிறும் ஒன்றாகிவிடாது என்பது அவர் கட்சி. சிலது 480 மெகாபிட்டோடு நின்றுவிடும், சிலது 40 கிகாபிட் வரை போகும், வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. "பேரைப் பார்த்து வாங்கலாமேன்னு கேப்பீங்க" என்று தானே ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. "முதல்ல யூஎஸ்பி 3.0-ன்னு பேர் வச்சாங்க. அப்புறம் அதையே 3.1 ஜென் 1-ன்னாங்க. அப்புறம் 3.2 ஜென் 1. வேகம் அதே அஞ்சு கிகாபிட். நியூமராலஜி பார்த்து ரெண்டு தரம் பேரை மாத்திக்கிட்டவன் மாதிரி. பேர்தான் நீண்டுச்சு, பிழைப்பு மாறலை."

இதையெல்லாம் வைத்து அவரை வெறும் வாய்ப்பந்தல் என்று நினைத்தால் பாவம் வந்து சேரும். எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு வந்தபோது அதை நான் கண்ணால் கண்டேன்.

300 எம்பிபிஎஸ் திட்டம். சோதித்துப் பார்த்தால் 94. மறுநாளும் 94. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் எத்தனை முறை அழைத்தாலும் அணைத்துப் போடச் சொன்னார். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் 94. படியில் பார்த்தபோது சாரிடம் சொன்னேன். மனிதர் கண்ணில் ஒரு ஒளி. "94-ஆ? 93-ம் இல்லை, 95-ம் இல்லையா?" சட்டையை மாட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் லேன் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வந்தார், நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. படுக்கையறைக் கதவிடுக்கில் நின்றார். "இங்க கதவு கடிச்சிருக்கு." அந்தக் கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பி. ஆயிரம் மெகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தால் இரண்டு பெட்டியும் சண்டை போடாமல், யாருக்கும் சொல்லாமல், நூறுக்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். நூறில் சில்லறைச் செலவு போக மிஞ்சுவதுதான் 94. ஒரு மாதமாக அந்தக் கதவைப் படார் படாரென்று சாத்தியது நான்தான். புதுக் கேபிள் போட்டதும் 300 வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வந்துடுச்சு. ஆனா..." என்றார். ரவுட்டர் இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

அன்று மாலை முழுக்க வீட்டைச் சுற்றினோம். முன்னால் சார், போனைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு. பின்னால் நான், ரவுட்டரையும் நீட்டிப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு. 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை ஏன் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் காதில் இருக்கிறது. "அம்மன் கோயில் திருவிழாவுல மைக் செட் போட்டா, ரெண்டு தெரு தள்ளி இருக்கற நமக்கு என்ன கேக்குது? தும் தும்தான். பாடற வார்த்தை வராது. 2.4 அந்த தும் தும் மாதிரி, சுவரைத் தாண்டி வரும், ஆனா நிதானமா வரும். 5 வேகம், ஆனா ரெண்டு சுவரைப் பார்த்தா சோர்ந்துடும்." அப்படியென்றால் தூரத்துக்கு 2.4-தானே என்றேன். அதுவும் சரிதான், ஆனால் அதில் கூட்டம். ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்கும். எங்கள் கட்டடத்தில் ஆறாம் நம்பரில் மட்டும் ஒன்பது வீடு. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45-ல்தான் வேலை செய்கிறது. இரவு எட்டரைக்கு மகளின் பாடம் திக்கினால் எங்கள் சமையலறையில் மதியச் சாம்பார் சுடுகிறது என்று அர்த்தம்.

இந்த ஆறாம் நம்பர் நெரிசல் அவரைத் தூங்கவிடவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானமே கொண்டுவந்தார்: ஒவ்வொரு மாடிக்கும் ஒரு சேனல் ஒதுக்க வேண்டும், யாரும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலம் வைக்கக் கூடாது. "நாப்பது வச்சிருக்கவங்க ஒரு காரை ரெண்டு கார் இடத்துல குறுக்க நிறுத்தின மாதிரி" என்றார். அந்த உதாரணத்தைத் தவிர்த்திருக்கலாம். நாலாம் மாடிக்காரரும் தரைத்தளத்துக்காரரும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். "முதல்ல கார் பார்க்கிங்கை முடிங்க சார், காத்துல இருக்கறதுக்குப் பங்கு அப்புறம் பிரிக்கலாம்" என்று செயலாளர் கூட்டத்தைக் கலைத்தார். தண்ணீர் லாரிக் கணக்கு அந்த மாதமும் வாசிக்கப்படவில்லை.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பீரோ மேல் வேண்டாம், இரும்பு. மீன் தொட்டி பக்கம் வேண்டாம், தண்ணீர் அலையை உறிஞ்சும். டிவிக்குப் பின்னால் மூச்சு முட்டும். உயரம் வேண்டும், வீட்டின் நடுவாக வேண்டும், சுற்றிலும் உலோகம் கூடாது. இத்தனை லட்சணமும் பொருந்திய இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கூடத்தையும் சமையலறையையும் பார்த்த பூஜை அலமாரி. என் மனைவி முருகனைப் பார்த்தாள், ரவுட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாரோ பக்கத்தில் மாட்டியிருந்த தஞ்சாவூர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தங்க ரேக்கு ஒட்டினது... அதைக் கொஞ்சம் தள்ளி மாட்டினா..." என்று இழுத்தார். மனைவி உள்ளே போய்ப் பாத்திரம் வைத்த சத்தத்தில் அந்தக் கோரிக்கையை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். படம் இருந்த இடத்தில் இருந்தது. ரவுட்டர் மேல்தட்டில், பிள்ளையாருக்கு வலப்பக்கம் குடியேறியது.

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது. மிக்ஸி, ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மனை, மகளின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு. ரவுட்டரின் நாலு ஆண்டெனாவுக்கும் சந்தனம் குங்குமம். சுண்டலுக்கு சார் வந்தார். அலமாரி முன்னால் நின்று கும்பிட்டவர், கண்ணைத் திறந்ததும் ஆண்டெனாவைக் கூர்ந்து பார்த்தார்.

"சந்தனம் பன்னீர்ல குழைச்சதா?"

"ஆமாங்க."

"பன்னீரும் தண்ணிதான். இத்துனூண்டு பொட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா, காயற வரைக்கும் பெரிய ஃபைல் எதுவும் வேண்டாம்."

அதுவரை சும்மா இருந்த வீட்டில் அப்போதுதான் வழக்கு வெடித்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது, ரவுட்டரை அணைத்துவிடு என்றாள் மனைவி. லேப்டாப்பைத் தொடவில்லை, போனிலிருந்தே அனுப்பிக்கொள்கிறேன், ராத்திரி பன்னிரண்டுக்குள் அசைன்மென்ட் போகவில்லையென்றால் மார்க் போய்விடும் என்றாள் மகள். இரண்டு பேரும் சாரைப் பார்த்தார்கள். சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். ஒண்ணு பண்ணுங்க. 5-ஐ மட்டும் அணைச்சிடுங்க. 2.4 ஓடட்டும். முழுப்பட்டினி வேண்டாம், ஒருபொழுது இருக்கட்டும்."

மனைவிக்கு அது பிடித்துவிட்டது. ஒருபொழுது என்றால் சாஸ்திரத்தில் இடமிருக்கிறது. நான் செட்டிங்கில் போய் 5-ஐ அணைத்தேன். சார் இன்னொரு கிண்ணம் சுண்டல் வாங்கிக்கொண்டு, தாம்பூலத்தோடு வாசலுக்குப் போனார். இரண்டு படி இறங்கியிருப்பார்.

"ஆனா..." என்று குரல் கேட்டது.

மகள் கதவைச் சாத்திவிட்டாள்.