ரூக்கியைப் பார்த்தவுடன் ஜாதகம் சொல்வது எப்படி?

ஒவ்வொரு ஜூன் மாதமும் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் ஒன்றுகூடி, டிராஃப்ட் என்ற பெயரில் இரண்டு சுற்றுகளாகச் சுமார் 60 இளைஞர்களைப் பங்கு பிரித்துக்கொள்கின்றன. சீசன் தொடங்குவதோ அக்டோபரில். இடைப்பட்ட மாதங்களில் அந்த 60 பேரில் யார் மகான், யார் மண்குதிரை என்று யாராவது உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பு நம் தலையில்தான் விழுந்திருக்கிறது. நம் ஊரில் இந்த ஆட்டங்களைப் பார்க்க விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்பதால், பார்க்காமலே சொல்லும் வித்தை நமக்குக் கூடுதல் அவசியம்.

கவலை வேண்டாம். கீழே உள்ள எட்டு விதிகளைக் கடைப்பிடித்தால் எந்த ரூக்கியின், அதாவது முதல் சீசன் ஆடும் புதியவரின், அடுத்த பதினைந்து ஆண்டுகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இவற்றில் பல, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அணி மேலாளர்களே பயன்படுத்திப் பார்த்தவை.

விதி 1: முதல் ஆட்டம் முடிந்ததும் தீர்ப்பை எழுதிவிடுங்கள்

உதாரணத்துக்கு 2013 அக்டோபர் 30-ஆம் தேதி இரவை எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியாவின் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸுக்கு அதுதான் முதல் ஆட்டம். எதிரே லெப்ரான் ஜேம்ஸ் ஆடிய நடப்புச் சாம்பியன் மயாமி. பையன் 22 புள்ளிகள் எடுத்தார், 12 அசிஸ்ட் கொடுத்தார், 9 முறை பந்தைப் பறித்தார். பிலடெல்பியா ஜெயித்தது. அதே இரவு நியூயார்க்கில் மில்வாக்கி அணிக்காக, பெயரை உச்சரிக்கவே வர்ணனையாளர்கள் திணறிய ஒரு கிரேக்கப் பையன் சில நிமிடங்கள் இறங்கி, ஒரே ஒரு புள்ளி எடுத்துவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினார்.

இரண்டு பேரில் யாருக்கு எதிர்காலம்? இதற்கு யோசனை வேறு வேண்டுமா? கார்ட்டர்-வில்லியம்ஸ் அந்த ஆண்டின் சிறந்த ரூக்கி விருதையும் வாங்கினார். கிரேக்கப் பையனின் முதல் சீசன் சராசரி 6.8 புள்ளிகள்.

இங்கேயே கட்டுரையை முடித்துக்கொள்வது முக்கியம். தொடர்ந்து படித்தால், இரண்டாவது சீசன் பாதியிலேயே பிலடெல்பியா தன் விருது நாயகனை அனுப்பிவிட்டது தெரிய வரும். அனுப்பிய இடம் மில்வாக்கி. அங்கே போய், யாரைவிட மேல் என்று நாம் தீர்ப்பு எழுதினோமோ அவருக்கே சக ஆட்டக்காரரானார். யானிஸ் ஆன்டெடோகும்போ என்ற அந்தக் கிரேக்கர் 2019, 2020 இரண்டு ஆண்டுகளும் எம்.வி.பி. (சீசனின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்) ஆனார். 2021 இறுதித் தொடரில் கோப்பையை உறுதிசெய்த ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். இதெல்லாம் நம் கட்டுரை வந்து பல வருஷம் கழித்து நடந்தது. நமக்குச் சம்பந்தமில்லை.

விதி 2: உடம்பை அளந்து பாருங்கள், முழங்காலை மட்டும் விட்டுவிடுங்கள்

டிராஃப்டுக்கு முன் பையன்களை வரிசையில் நிறுத்தி உயரம், எடை, கைகளை விரித்தால் என்ன நீளம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான் என்றெல்லாம் குறித்துக்கொள்வார்கள். இந்தத் தாள்தான் உங்கள் வேதம்.

2007-இல் கெவின் டுரான்ட்டைப் படுக்க வைத்து 84 கிலோ எடையைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. மறுபக்கம் கிரெக் ஓடன்: ஏழடி உயரம், ஆளைப் பார்த்தாலே முப்பது வயது மதிக்கலாம். போர்ட்லாந்து அணி முதல் தேர்வாக ஓடனை எடுத்துக்கொண்டது. எடை தூக்கத் தெரியாதவர் இரண்டாம் இடத்தில் சியாட்டிலுக்குப் போனார். ஓடன் முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே முழங்கால் அறுவை சிகிச்சை. முதல் சீசன் முழுக்கப் போயிற்று. என்.பி.ஏ. வாழ்க்கை மொத்தத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 105. டுரான்ட் 30,000 புள்ளிகளைத் தாண்டிவிட்டார். கூடைப்பந்தின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு என்பதை அந்த ஆய்வுத் தாளில் யாரும் குறிக்கவில்லை போலும்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. பஞ்சாபின் சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குலம், 2015-இல் டாலஸ் அணி 52-ஆவது தேர்வாக எடுத்தது. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். உயரத்தை வைத்து நாடே கனவு கண்டது. என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

விதி 3: யார் மாதிரி என்று உடனே சொல்லுங்கள்

குழந்தை பிறந்த வீட்டில் மூக்கு தாத்தாவுடையது, நெற்றி பெரியப்பாவுடையது என்று பங்கு போடுவார்களே, அதே சுறுசுறுப்பு இங்கேயும் வேண்டும். உயரே எம்பி பந்தைத் திணித்தால் அடுத்த ஜோர்டன். ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்கார நெட்டை என்றால் அடுத்த டிர்க் நோவிட்ஸ்கி. அவன் எப்படி ஆடுகிறான் என்பதைவிட எந்த ஊர், எந்த நிறம் என்பதே ஒப்பீட்டுக்குப் போதும். இந்த வழக்கத்தை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள், எல்லாரும் கடைப்பிடிப்பார்கள்.

1992-இல் மயாமிக்கு வந்த ஹெரால்ட் மைனருக்குக் கல்லூரியிலேயே ‘பேபி ஜோர்டன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டங்க் போட்டியில் இரண்டு முறை பட்டம் வென்றார். நான்கு சீசனில் எல்லாம் முடிந்தது. பேபி வளரவில்லை என்று பையனைத்தான் குறை சொன்னார்களே தவிர, பெயர் வைத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

யாரைப் போலவும் இல்லாதவன் வந்தால்? விளம்பர இடைவேளை விட்டுவிடுங்கள். 2014 டிராஃப்டில் 41-ஆவது பெயராக செர்பியாவின் நிகோலா யோகிச்சை அறிவித்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கொழுகொழு உடம்பு, எம்பத் தெரியாது, ஓட்டமும் மெது. அவருக்கு இப்போது மூன்று எம்.வி.பி. விருதுகள், 2023-இல் டென்வர் அணியோடு ஒரு கோப்பை.

விதி 4: முடிவெடுத்துவிட்டு அப்புறம் எண்களைக் கேளுங்கள்

எண்கள் சொன்னபடி கேட்கும். கேட்கும் வரிசைதான் முக்கியம். 2023-24 சீசனில் இரண்டு ஒல்லி நெட்டைகள் மோதினார்கள்: சான் அன்டோனியோவின் பிரெஞ்சுக்காரர் விக்டர் வெம்பன்யாமா, ஓக்லஹோமா சிட்டியின் செட் ஹோல்ம்கிரன்.

நீங்கள் வெம்பன்யாமா கட்சியா? சராசரி 21.4 புள்ளிகள், 10.6 ரீபவுண்டு, 3.6 பிளாக் என்று சொல்லுங்கள். பிளாக்கில் லீகுக்கே முதலிடம் என்று மேஜையைத் தட்டுங்கள். ஹோல்ம்கிரன் கட்சியா? 82 ஆட்டத்திலும் ஆடினார், மூன்று புள்ளி ஷாட்டில் 37 சதவீதம், அவர் அணிக்கு 57 வெற்றி, உங்கள் ஆளின் அணிக்கு 22 தானே என்று திருப்பித் தட்டுங்கள். எல்லா எண்ணும் நிஜம். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்த விதியின் அழகு.

சராசரி கைகொடுக்காவிட்டால் ‘36 நிமிடத்துக்கு’ என்ற கணக்கு இருக்கிறது. உங்கள் ஆள் ஆறு நிமிடம் இறங்கி நான்கு புள்ளி எடுத்தாரா? ஆறால் பெருக்கினால் 24 புள்ளி. நட்சத்திரம் தயார். ஆறு நிமிடத்துக்கு மேல் பயிற்சியாளர் ஏன் இறக்கவில்லை என்ற கேள்வி மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் எடுபடவில்லையா? எதிராளியின் ஆள் ரூக்கியே இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஹோல்ம்கிரன் 2022-லேயே தேர்வாகி, பாதக் காயத்தால் ஓராண்டு வெளியே உட்கார்ந்தவர். இதே வழக்கு 2018-லும் நடந்தது. ஓராண்டு காயத்தில் இருந்துவிட்டு வந்த பென் சிம்மன்ஸைக் கிண்டல் செய்ய, யூட்டாவின் டோனவன் மிட்செல், ரூக்கி என்றால் யார் என்ற அகராதி விளக்கத்தையே அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். விருது சிம்மன்ஸுக்குத்தான் போனது.

விதி 5: கடல் கடந்து ஆடியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஐரோப்பாவில் பெரியவர்களோடு ஆடிப் பட்டம் வென்றவனைவிட, அமெரிக்கக் கல்லூரியில் சக மாணவர்களை வென்றவன் மேல். 2018-இல் லூக்கா டான்சிச் 19 வயதில் யூரோலீக் கோப்பையும் அதன் எம்.வி.பி. விருதும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு அணிகள் வேண்டாம் என்றன. மூன்றாவதாக எடுத்த அட்லாண்டா அன்றிரவே டாலஸுக்குக் கைமாற்றியது. முதலில் வேண்டாம் என்ற ஃபீனிக்ஸின் புதுப் பயிற்சியாளர் இகோர் கோகோஷ்கோவ், முந்தைய ஆண்டுதான் டான்சிச் ஆடிய ஸ்லோவேனியாவை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கியவர். பையனை நன்றாகத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தும் சபலப்படாத அந்த உறுதி, நமக்கெல்லாம் பாடம்.

விதி 6: விருதுப் பட்டியலை எதிர்காலப் பட்டியலாகப் படியுங்கள்

2009-10 சீசனில் சாக்ரமென்டோவின் டைரீக் எவன்ஸ் ஆட்டத்துக்கு 20 புள்ளி, 5 ரீபவுண்டு, 5 அசிஸ்ட் என்ற அளவைத் தாண்டினார். முதல் சீசனில் அதைச் செய்தவர்கள் அதற்கு முன் மூன்றே பேர்: ஆஸ்கர் ராபர்ட்சன், மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ். இப்படி ஒரு பட்டியல் கிடைத்தால் விடலாமா? விருதும் எவன்ஸுக்கே. பிறகு ஒரு ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குக்கூட அவர் தேர்வாகவில்லை.

அந்த விருதில் அவருக்குப் பின்னால் நின்றவர் ஸ்டெஃபன் கறி. ஏழாவது தேர்வு. அவருக்கு முன்னால் மினசோட்டா அணி, ஐந்தாவதும் ஆறாவதுமாக, அதே இடத்தில் ஆடும் இரண்டு பேரை எடுத்திருந்தது. மூன்றாவது சீசனில் கணுக்கால் கறியை 26 ஆட்டத்தோடு நிறுத்தியது. 2012-இல் கோல்டன் ஸ்டேட் நான்காண்டுக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது, அந்தக் கணுக்காலை நம்பி இவ்வளவு பணமா என்று கேட்டார்கள். அந்த ஒப்பந்தம் முடிவதற்குள் இரண்டு கோப்பைகளும் இரண்டு எம்.வி.பி.யும் வந்து சேர்ந்தன.

விதி 7: தப்பிக்கும் கதவைத் திறந்தே வையுங்கள்

எந்தக் கணிப்பிலும் ‘சீலிங்’ (எட்டக்கூடிய உச்சம்), ‘ஃப்ளோர்’ (விழக்கூடிய அடிமட்டம்) என்ற இரண்டு சொற்கள் இருக்க வேண்டும். பயன்படுத்தும் முறை இப்படி:

“டேய், போன வருஷம் இவன் சூப்பர் ஸ்டாருன்னு சொன்னியேடா?”

“சீலிங் சூப்பர் ஸ்டாருன்னு சொன்னேன் மச்சி. ஃப்ளோரைப் பத்தி நான் பேசவே இல்லையே.”

“அப்ப ஃப்ளோர் என்ன?”

“அது டீமைப் பொறுத்தது.”

எதுவும் கைகொடுக்காவிட்டால் ‘காயம் மட்டும் வராதிருந்தால்’ என்று பெருமூச்சு விடுங்கள். 2025 பிப்ரவரியில் வெம்பன்யாமாவுக்குத் தோளில் ரத்தக்கட்டு கண்டு சீசனே முடிந்துபோனது. அதே ஆண்டு ஹோல்ம்கிரன் கோப்பையைத் தூக்கினார். அதை எந்தக் கைவிரிப்பு அளவும், எந்த 36 நிமிடக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

விதி 8: பழைய தவறுகளைப் பார்த்துச் சிரியுங்கள்

1984-இல் போர்ட்லாந்து இரண்டாவது தேர்வாக சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக மைக்கேல் ஜோர்டன் சிகாகோவுக்குப் போனார். நானாக இருந்தால் ஜோர்டனைத்தான் எடுத்திருப்பேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஜோர்டனின் இடத்தில் ஆடும் கிளைட் டிரெக்ஸ்லர் முந்தைய ஆண்டே போர்ட்லாந்தில் சேர்ந்திருந்ததையும், அணிக்குத் தேவைப்பட்டது உயரமான சென்டர் என்பதையும் மறந்துவிடுங்கள். அவர்கள் தேவையைப் பார்த்தார்கள். கால் முறிவால் கல்லூரியில் இரண்டு சீசன் ஆடாத போவியின் காலைத்தான் சரியாகப் பார்க்கவில்லை. முதலிடத்தில் ஹியூஸ்டனும் ஜோர்டனை விட்டுவிட்டு ஹகீம் ஒலாஜுவானை எடுத்தது. அவர் 1994, 1995 இரண்டு கோப்பைகள் வாங்கிக் கொடுத்துவிட்டதால் அந்த அணியை யாரும் கேலி செய்வதில்லை.

விதிகள் முடிந்தன. இனி கொஞ்சம் விளையாட்டை விட்டுப் பேசுவோம். யானிஸ், கறி, யோகிச் மூவரும் வேறு வேறு ஆண்டுகளில் வந்தவர்கள். ஒருவரும் முதல் ஐந்து தேர்வுகளில் இல்லை. ஒருவருக்கும் சிறந்த ரூக்கி விருது கிடைக்கவில்லை. மூவருக்கும் முதல் எம்.வி.பி. வந்தது ஆறாவது சீசனில். முதல் சுற்றில் தேர்வாகும் ரூக்கியின் ஒப்பந்தமே அதிகபட்சம் நான்கு ஆண்டுதான். அதாவது, ஒருவன் யார் என்று தெரிவதற்குள் அவனுடைய முதல் ஒப்பந்தம் காலாவதியாகிவிடுகிறது. முதல் சீசனில் உண்மையில் கவனிக்க வேண்டியவை புள்ளிகள் இல்லை: உடம்பு தாங்குகிறதா, ஒவ்வொரு கோடை விடுமுறைக்குப் பிறகும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறானா, தப்பு செய்தாலும் களத்தில் நிற்க விடும் பயிற்சியாளர் கிடைத்தாரா. மூன்றுமே மெதுவாகத்தான் தெரியும்.

ஆனாலும் கணிப்பு சொல்லாமல் இருக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே ஒரே வேண்டுகோள். 2025-இல் டாலஸ் முதல் தேர்வாக எடுத்த கூப்பர் ஃபிளாக்கைப் பற்றி உங்கள் தீர்ப்பை இன்றே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு வையுங்கள். அவருடைய ஆறாவது சீசன் முடிவது 2031-இல். அதுவரை அந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள்.