குரோஷாக் கணக்கு

காலுறை பின்னும் இயந்திரத்தை வில்லியம் லீ இங்கிலாந்தில் 1589-லேயே செய்துவிட்டார். குரோஷாவுக்கு மட்டும் பெரும்பாலும் கொக்கி ஊசியும் கையும்தான் இன்றுவரை இயந்திரம். அந்தத் தைரியத்தில் சென்னை அக்கா ஒருவர் இன்ஸ்டாகிராமில் மஃப்ளர் கடை விரிக்கிறார், அதுவும் வியர்த்துக் கொட்டும் ஊரில்! ஒரு கண்ணி தவறினால் பத்து வரிசை பிரிக்க வேண்டும். விலை 1,200 ரூபாய். நூலுக்கு 500 போக, இருபது மணி நேர வேலைக்கு மிஞ்சுவது 700. மணிக்கு 35 ரூபாய்.

"பிளாட்பாரத்துல 150-க்குக் கிடைக்குதே!" என்று பேரம் பேசுபவர்கூடத் தேவலை. பெரியம்மா வாயைத் திறந்தால் அந்த 35-ம் போச்சு: "ஏண்டி, டிவி பார்த்துக்கிட்டே போடுறதுதானே? எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடேன். நமக்குள்ள என்ன காசு?"