தோழியாக வாய்த்தால் வரம்

ஒரு நாவலைப் பற்றி வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது சகஜம். ஒரு கட்சி அதை அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுப்பதும், இன்னொரு கட்சி அதே நாவலை அம்மா கண்ணில் படாமல் பீரோவுக்கு மேலே தள்ளிவைப்பதும் அவ்வளவு சகஜமில்லை. ரெபெக்கா வெல்ஸ் 1996-ல் வெளியிட்ட 'டிவைன் சீக்ரெட்ஸ் ஆஃப் தி யா-யா சிஸ்டர்ஹுட்' அந்த அபூர்வ ஜாதி. அமெரிக்காவின் தெற்கே, லூயிசியானா மாநிலத்தில், தார்ன்டன் என்ற கற்பனை ஊர். அங்கே விவி, டீன்ஸி, நீஸி, கேரோ என்று நான்கு பெண்கள், நால்வருக்கும் சேர்த்து யா-யா என்று பெயர். பால்யத்தில் தொடங்கிய சிநேகம் கிழப்பருவத்திலும் குறையவில்லை. விவியின் மகள் சிட்டா நியூயார்க்கில் நாடக இயக்குநர். ஒரு பத்திரிகைப் பேட்டியில் பிள்ளைப்பருவம் பற்றி அவள் எதையோ சொல்லப்போக, பிள்ளைகளை அடித்து நொறுக்கிய டேப் டான்ஸ்காரி என்ற பட்டத்தோடு விவி அச்சில் வந்துவிடுகிறாள். அம்மா பேச்சை அறுத்துக்கொள்ள, மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஏரிக்கரைக்குப் போய்விட, சமாதானம் செய்துவைக்கும் பொறுப்பு தோழிகள் தலையில் விழுகிறது. பேட்டி கொடுப்பதில் உள்ள அபாயம் பற்றி இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்த நாவலுக்கு உருகியவர்கள் சும்மா இருக்கவில்லை. யா-யா என்ற பெயரிலேயே ஊரூராகப் பெண்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். எரிச்சல்பட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. பெல்ட்டால் விளாசிய ஒருத்தியை ரசிக்கச் சொல்கிறதே இந்தப் புத்தகம் என்று கொதித்தார்கள். இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "ரசனை ஆளுக்கு ஆள் மாறும்" என்று சொல்வது சுலபம். விவாதத்தை முடித்துக்கொண்டு சாப்பிடப் போக நினைப்பவர்கள் சொல்லும் வசனம் அது. எனக்கு அது போதவில்லை. இங்கே ரசனைக்கு வேலையே இல்லை. வாசகர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறார் என்பதுதான் சங்கதி. விவி தோழியாக வாய்த்தால் வரம், தாயாக வாய்த்தால் தலையெழுத்து. புத்தகத்தில் இரண்டு விவியும் இருக்கிறார்கள். தோழியின் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒருத்தியையும் மகளின் நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்னொருத்தியையும் பார்த்துவிட்டு, பார்த்தது ஒரே ஆள் என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள்.

தோழியின் நாற்காலியிலிருந்து தெரியும் காட்சி அமர்க்களம். விவிக்கும் டீன்ஸிக்கும் அறிமுகம் நடப்பது டாக்டர் வீட்டில். டீன்ஸி ஒரு பீக்கன் கொட்டையை மூக்குக்குள் திணித்துக்கொண்டு எடுக்க முடியாமல் வந்திருக்கிறாள். இப்படி ஒரு தொடக்கம் வாய்த்த சிநேகம் லேசில் முறியாது. அப்புறம் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் மாதிரி வேஷம் கட்டும் போட்டி. மேடையில் டீன்ஸியின் வயிறு செய்த வேலையால் நால்வரின் மானமும் ஒருங்கே போகிறது. வயசு வந்ததும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்து நீந்துகிறார்கள். சிரிக்காமல் படிப்பவர் நோயாளிதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரில் காப்பி போட்டவர்களிடம் நாவல் கருத்துக் கேட்கவில்லை. தோழியின் பார்வையில் எழுதப்பட்ட எந்த வீரக்கதையிலும் தண்ணீர் குடித்தவனுக்கு வாக்குரிமை கிடையாது.

சிட்டாவுக்கு விவி அனுப்பிவைக்கும் ஆல்பம்தான் கதையின் அச்சாணி. படங்கள், கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள், எதற்கென்று தெரியாத ஒரு சாவி. பிரச்சினை அங்கேதான். எந்த வீட்டு ஆல்பத்தையும் புரட்டிப் பாருங்கள்: கல்யாணம் உண்டு, கடற்கரை உண்டு, பிறந்தநாள் கேக் உண்டு, அறை விழுந்த கன்னத்தை யாரும் படம் எடுத்து ஒட்டிவைப்பதில்லை. விவி மனம் பிறழ்ந்து பிள்ளைகளை விளாசிய நாளைப் பற்றி ஆல்பத்தில் பக்கமே இல்லை. அதைத் தோழிகள் வாய்திறந்து சொன்ன பிறகுதான் சிட்டாவுக்கு முழு விவரம் தெரிகிறது. அப்படிச் சொல்பவர்கள் யார்? அந்த அடியில் ஒன்றுகூட வாங்காதவர்கள். நடத்தைச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி நம் வீட்டில் ஒருநாள்கூடத் தங்கியிருக்க மாட்டார். "இவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்" என்று பச்சை மையில் கையெழுத்து மட்டும் போட்டுவிடுவார். யா-யாக்களின் சாட்சியம் அந்த ரகம். பொய் இல்லை, ஆனால் அது ஆபீஸ் நேரத்து உண்மை.

நீ தோழிகளைக் குறைத்து மதிப்பிடுகிறாய் என்று உருகும் கட்சி எழுந்து நிற்கும். அவர்கள் சொல்லும் நியாயம் வலுவானது. விவியும் ஒருகாலத்தில் மகள்தானே? பதினாறாம் பிறந்தநாளுக்கு அப்பா வைர மோதிரம் போட, பெற்ற தாய் பக்கியே பொறாமையில் பொங்குகிறாள். மகள் கன்னிமாடப் பள்ளிக்கூடத்துக்கு நாடுகடத்தப்படுகிறாள். காதலித்த ஜாக் போரில் மாண்டுபோகிறான். பிறகு வேறொருவனோடு கல்யாணம், நான்கு பிள்ளைகள், குடி, டாக்டர் கொடுத்த மாத்திரை. 1950களில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத் தலைவி 'என்னால் முடியவில்லை' என்று சொல்ல அனுமதிக்கப்பட்ட இடம் பாவமன்னிப்புக் கூண்டு ஒன்றுதான். அங்கேயும் கிடைத்தது ஜெபம். இதையெல்லாம் தெரிந்துகொண்ட மகள் இறங்கிவந்தால் என்ன தப்பு? தப்பே இல்லை. மோதிரக் காட்சிதான் நாவலின் மிகச் சிறந்த இடம் என்பேன். தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒரு வைரக்கல் என்னவெல்லாம் செய்யும் என்பதை வெல்ஸ் ஈவிரக்கமில்லாமல் காட்டுகிறார். என் ஆட்சேபம் வேறு. காரணம் தெரிந்தால் கோபம் தணியும், சரி. ஆனால் காரணத்தைத் தேடி அலையும் வேலையை ஏன் அடி வாங்கியவள் தலையிலேயே கட்ட வேண்டும்? அடித்தவள் வீட்டில் போர்பன் விஸ்கியோடு உட்கார்ந்திருக்கிறாள். அடி வாங்கியவள் ஏரிக்கரையில் வீட்டுப்பாடம் படிக்கிறாள். கடைசியில் சொந்த ஊர்ப் பண்ணை வீட்டிலேயே கல்யாணம் வைத்து, சினிமா முடிவில் 'வணக்கம்' போடும் வேகத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கொதிக்கும் கட்சிக்கு இங்கே ரத்த அழுத்தம் ஏறுவதில் ஆச்சரியமில்லை.

நாற்காலிக் கணக்கு நான் இட்டுக்கட்டியதல்ல என்பதற்கு வெல்ஸே சாட்சி. இதற்கு முன்னால், 1992-ல், 'லிட்டில் ஆல்டர்ஸ் எவ்ரிவேர்' என்ற நூலை ஒரு சிறு பதிப்பகத்தில் வெளியிட்டார். அதே குடும்பம், அதே விவி. ஆனால் அங்கே பேசுவது வேறு வாய்கள்: பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள், வீட்டு வேலைக்காரி விலெட்டா பேசுகிறாள். அந்தப் புத்தகத்தில் விவி செய்வது பெல்ட்டோடு நிற்பதில்லை. இங்கே எழுதக் கூசும் இடம்வரை போகிறது. இரண்டாவது நூலில் சிரித்து மகிழ்ந்து, அதே சிரிப்பை எதிர்பார்த்து முதல் நூலை வாங்கியவர்கள் பாயசம் என்று நினைத்துக் கஷாயத்தைக் குடித்தார்கள். முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதற்கு வந்தவர்களுக்கோ ஏமாற்றப்பட்ட உணர்வு. எழுதியது ஒரே ஆள்தான். சாட்சிக் கூண்டில் பிள்ளைகள் இருந்தவரை குற்றவாளி. தோழிகள் ஏறியதும் விடுதலை.

விலெட்டா என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. யா-யா நாவலில் மூன்றாவதாக ஒரு நாற்காலி உண்டு, வேலைக்காரியுடையது. அதில் உட்கார அந்தக் காலத்தில் அனுமதியில்லை, நிற்கத்தான் வேண்டும். 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சிக்காக 1939 டிசம்பரில் சிறுமிகள் அட்லாண்டாவுக்கு ரயிலேறும்போது துணைக்கு வருபவள் ஜிஞ்சர் என்ற கறுப்பின வேலைக்காரி. அந்தப் படத்தில் நடித்து மறு ஆண்டு ஆஸ்கர் வாங்கிய ஹாட்டி மெக்டானியலாலேயே, ஜார்ஜியாவின் நிறப்பிரிவினைச் சட்டத்தால் அட்லாண்டா விழாவுக்கு வர முடியவில்லை என்பது வரலாறு. கதை நடந்த காலம் அப்படி, அதற்கு எழுத்தாளர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். நியாயம். காலத்தை மாற்றச் சொல்லவில்லை. நான்கு சீமாட்டிகள் பகல் முழுக்கச் சீட்டாடி, குடித்து, சிநேகம் வளர்க்க நேரம் எங்கிருந்து கிடைத்தது என்ற கணக்கை மட்டும் கேட்கிறேன். எட்டுக் கண்ணும் விட்டெறியும் சிநேகத்துக்குப் பின்னால் யாரோ நான்கு பேர் துணி துவைத்திருக்கிறார்கள்.

2002-ல் கேலி கூரி இந்த நாவலைப் படமாக எடுத்தபோது, மகளை நாற்காலி மாற்றும் சிக்கலை ஹாலிவுட் தனக்கே உரிய வழியில் தீர்த்தது. ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் சிட்டா திரைக்கு ஆக மாட்டாள் என்று, தோழிகளே அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து லூயிசியானாவுக்குக் கடத்திக்கொண்டு வருகிறார்கள். அரங்கில் சிரிப்பு. எனக்கு இது நாவலைவிட நேர்மையாகப் படுகிறது: மகளைத் தோழிகளின் நாற்காலிக்கு மாற்ற மயக்க மருந்து தேவைப்படும் என்பதைப் படம் ஒப்புக்கொள்கிறது. நாவலில் தோழிகளின் பிள்ளைகளுக்கும் கூட்டாக ஒரு பெயர் உண்டு, பெத்தீத் யா-யா. பெரியவர்கள் பெயரில் அத்தனை சங்கம் முளைத்தது. பிள்ளைகள் பெயரில் ஒரு கிளையாவது தொடங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.