பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ராசிங்காபுரத்தில் ஒரு பழைய பத்மினியையோ அம்பாசிடரையோ கிளப்பி, போடி வழியாகப் போடிமெட்டுக்குப் போகிறவர் அடிவாரத்து முந்தல் வரைக்கும் ராஜா. அதற்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் வண்டி இருமும், இழுக்காது, கடைசியில் நின்றே போகும். பானெட்டைத் தூக்கிய மறுநிமிடம் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் ஏலக்காய் வியாபாரி, ஒருவர் ஜீப் டிரைவர், ஒருவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர். வேறு எதிலும் ஒத்துப்போகாத இவர்கள் இதில் மட்டும் ஒரே கட்சி: "கார்புரேட்டர்ல அடைப்பு." விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வருவதற்குக் காரணம், கார்புரேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான். டேங்க் பின்னால் கிடக்கிறது. தீப்பொறிக்கு உதவும் கண்டென்சர் டிஸ்ட்ரிபியூட்டரை ஒட்டிச் சுண்டுவிரல் அளவில் பதுங்கியிருக்கிறது. கார்புரேட்டரோ சில நட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. பழைய காரில் கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கட்சி. முதலில் கை வைப்பதால்தான் அது நிஜமாகவே கெட்டுப்போகிறது.

முதல் குற்றச்சாட்டு, மலையில் வண்டி இழுக்கவில்லை என்பது. போடியைவிடப் போடிமெட்டு சுமார் 1,000 மீட்டர் உயரம். அங்கே சிலிண்டருக்குள் போகிற காற்றின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்று மெலிந்தால் கார்புரேட்டருக்குள் உறிஞ்சலும் குறைகிறது; பெட்ரோலும் குறைகிறது, ஆனால் அதில் பாதி அளவுக்குத்தான். ஆக, கலவையில் பெட்ரோல் ஓங்கி, அது நூற்றுக்கு ஐந்து போல 'ரிச்' ஆகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது ஏட்டுக் கணக்கு. 12 பங்கு, 13 பங்கு காற்றிலும் எஞ்சின் ஜோராக ஓடும். ஐந்து சதவீதத்துக்கு அது படுத்துக்கொள்ளாது. இழுவை குறைவது காற்று குறைவதால். இதற்குச் சாட்சி வேண்டுமென்றால், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அதே மலையில் ஏறும் ஜீப்பைக் கேட்கலாம். டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப்புக்கும் மேலே போனால் மூச்சு வாங்குகிறது, புகை கக்குகிறது. டீசல் எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது. குற்றம் நடந்த இடத்தில் ஆளே இல்லை, பிறகு யார் மேல் வழக்குப் போடுவது?

"அதெல்லாம் சரி, கழற்றி ஊதினதும் ஸ்டார்ட் ஆகுதே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கழற்றி, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டை வாயில் வைத்து ஊதி, கீழே உருண்ட வாஷரைத் தேடிப் பிடித்து, திரும்ப மாட்டுவதற்குள் அரை மணி ஆகிவிடுகிறது. அந்த அரை மணியில் எஞ்சின் ஆறிவிடுகிறது. சிகிச்சை அதுதான். முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும். பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளும் ஏ.சி. பம்புக்குள் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிரம்பினால் பம்ப் எதைத் தள்ளும்? பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, துணி காயக் காயத் தண்ணீர் விட்டால் வண்டி கிளம்பிவிடும். ஒரு ஸ்பேனரும் வேண்டாம். கண்டென்சரும் இப்படித்தான்: சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் வைத்தியம். காக்கை உட்காரப் பனம்பழம் விழ, பெயர் காக்கைக்கு.

கார்புரேட்டர் உத்தமபுத்திரன் என்று நான் வாதாடவில்லை. ஆறு மாதம் ஷெட்டில் நின்ற காரில் பெட்ரோல் வற்றி ஜெட்டில் கோந்தாக ஒட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும். நீடில் வால்வு மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்து கண்ணெதிரே சொட்டும். திராட்டில் தண்டு தேய்ந்தால் இடுக்கு வழியே காற்று புகுந்து ஐடிலிங் ஆடும். இதெல்லாம் உண்மையான கோளாறுகள். ஆனால் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடுதான் வருகிறது. மலைக்குக் காத்திருக்காமல் வீட்டு வாசலிலேயே காட்டிவிடுகிறது. ஜெட்டில் சிக்கும் துரு கார்புரேட்டரில் விளைந்ததும் அல்ல. டேங்கில் விளைந்தது. டேங்கையும் ஃபில்டரையும் விட்டுவிட்டு ஜெட்டை மட்டும் ஊதினால் அடுத்த வாரம் திரும்ப ஊத வேண்டும். சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறமென்றால் கார்புரேட்டரை நிம்மதியாக விட்டுவிடலாம்.

"சரி, சுத்தம் பண்ணிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?" என்பார்கள். நஷ்டம் ஊசியில் இருக்கிறது. ஊதியும் திருப்தி வராதவர் சட்டையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து ஜெட்டைக் குத்துவார். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டின் மேல் 120 என்று இருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். பித்தளை இளகிய உலோகம், ஊக்கோ இரும்பு. துளை ஒரு தலைமுடிப் பருமன் அகன்று 1.26 ஆனால், அதன் பரப்பு நூற்றுக்குப் பத்து கூடிவிடுகிறது. மலை செய்த கெடுதல் ஐந்து, ஊக்கு செய்த கெடுதல் பத்து. மலையின் ஐந்து, முந்தலுக்கு இறங்கி வந்தால் தானாகக் கழிந்துவிடும். ஊக்கின் பத்தைக் கழிக்கப் புது ஜெட் தேட வேண்டும். அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுபோன நாட்டில் அது லேசில் கிடைக்காது. கிடைக்கும் வரை வண்டி கரும்புகை விடும், பெட்ரோல் குடிக்கும், ஒவ்வொரு வளைவிலும் நிற்கும். அப்போது கூடுகிற நாலு பேர் சொல்லப்போகும் தீர்ப்பு முதல்முறையாகச் சரியாக இருக்கும்.