நனைந்த பிறகு முக்காடு

செப்டம்பர் போய் அக்டோபர் வந்தால், லண்டன்காரர்கள் நீச்சலுடையை மடித்து உள்ளே வைப்பார்கள். குளிர்நீர் நீச்சல்காரரான நம்மவர் அப்போதுதான் வெளியே எடுப்பார். ஹைட் பார்க்கின் செர்ப்பன்டைன் ஏரிக்கரையில் விடிகாலையில் நின்றால் இவரைப் பார்க்கலாம். அதற்கு முன்பே குரல் கேட்டுவிடும்.

“13.4!”

இதுதான் இவருடைய காலை வணக்கம். நேற்று தண்ணீர் 13.6 டிகிரி இருந்தது. இறங்கிய அந்தப் புள்ளி இரண்டை, இவரே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஏரியை ஊதி ஆற்றியதுபோல் பெருமையோடு சொல்வார். அளந்த கருவி, குழந்தைகளின் குளியல் தொட்டியில் மிதக்கும் மஞ்சள் வாத்து வெப்பமானி.

“குளிரெல்லாம் மனசுதான்” என்பது கொள்கை. அந்தக் கொள்கையைச் சுமக்க ஒரு பெரிய பை. ரப்பர் கையுறை, ரப்பர் காலுறை, ஒன்றின்மேல் ஒன்று போட இரண்டு நீச்சல் தொப்பிகள், கம்பளிக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், தெர்மாஸ், வெந்நீர்ப் பை, கேக். தண்ணீரில் இருக்கப் போவதோ 13 நிமிடம். டிகிரிக்கு ஒரு நிமிடம் என்பது இவர்கள் வட்டாரத்து வாய்ப்பாடு. உடம்பு அதைப் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

குதிக்க மாட்டார். குளிர்ந்த நீர் திடீரென்று பட்டால் மூச்சு தன்னால் உள்ளிழுக்கும். அந்த நேரம் பார்த்து வாய் நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. எனவே முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டபடி, மெல்ல இறங்குவார். தொடையளவு வரை தத்துவம் பேசுவார். தொப்புளைத் தண்ணீர் தொட்டதும் தத்துவம் நின்று, அச்சிட முடியாத ஒரு சொல் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும். உடனே, கரையில் கோட்டோடு நிற்பவர்களிடம், “அருமையா இருக்கு, வாங்க!” என்பார். இடுப்பில் கட்டிய ஆரஞ்சு மிதவை பின்னாலேயே போகும்.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று கேட்ட நம் பெரியவர்கள் இந்த ஏரியில் குளித்ததில்லை. இவருடைய வித்தை முழுவதும் கரையேறிய பிறகுதான். வெளியே வந்தும் உள்ளுடம்பின் சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஈரத்தை உரித்து, மேலுடம்பை முதலில் மூடி, குல்லா போட்டாக வேண்டும். சுடச்சுட ஷவரில் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம் என்பதால் அதுவும் ஆகாது. விறைத்த விரலுக்கு பட்டன் பிடிபடாது. அனுபவஸ்தர்கள் பட்டன் வைத்த எதையும் கொண்டுவருவதில்லை. உள்ளாடை விஷயத்தில் மானமும் நேரமும் மோதினால் நேரமே ஜெயிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் முழங்கால் தாண்டித் தொங்கும் ட்ரைரோப் அங்கி. பிறகு நடுக்கம். தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். முழுக் கோப்பை ஊற்றினால் பாதியை அங்கி குடித்துவிடும்.

இவரிடம் போய், எங்கள் ஊர்க் குற்றாலீஸ்வரன் 1994இல் சிறுவனாக இருந்தபோதே இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தவர் என்று சொல்லிப் பாருங்கள்.

“எந்த மாதம்?”

“ஆகஸ்ட்.”

“அடடா, வெந்நீராச்சே!”

பல் தந்தியடித்துக்கொண்டே சொல்வார்.

இவருடைய கனவு கிறிஸ்துமஸ் காலை. 1864இல் தொடங்கிய செர்ப்பன்டைன் நீச்சல் கழகம் அன்று நடத்தும் 100 கெஜப் போட்டிக்கு, ‘பீட்டர் பேன்’ எழுதிய ஜே.எம். பேரி 1904இல் கோப்பை கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குள் தண்ணீர் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். வாய்ப்பாட்டின்படி நாலைந்து நிமிடம்தான். பையில் மட்டும் எதுவும் குறையாது. இரண்டாவது தெர்மாஸும் பெரிய கேக்கும் சேர்ந்துகொள்ளும். அதே கணக்கில் பூஜ்யம் டிகிரி வந்தால் நீந்தவே வேண்டியதில்லை, நேரே கேக்தான். தினம் வாத்தை இவர் அத்தனை ஆவலாகப் பார்ப்பது அதற்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.