உலர்ந்த துணியால் தொடாதீர்கள்

வடசென்னையில் கார் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள்

காலையில் எழுந்து பார்த்தால் கார் மேல் சாம்பல் படிந்திருக்கிறது. துணியால் ஒரு தட்டு தட்டித் துடைத்துவிட்டுத்தான் சவாரிக்குக் கிளம்புகிறேன். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். மட்டமான பெயிண்ட்டா சார்?
(கால் டாக்ஸி ஓட்டுநர், எர்ணாவூர்)

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். கோடு போட்டது உங்கள் துணி. உங்கள் பகுதியில் விழுவது வெறும் தெருப்புழுதி இல்லை. நிலக்கரி எரிந்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். உங்களுக்குப் பக்கத்தில், திருவொற்றியூர் கார்போரண்டம் ஆலையில் கிரைண்டிங் வீல் செய்கிறார்களே, அதற்கும் அலுமினியம் ஆக்சைடுதான் முக்கியச் சரக்கு. சாம்பலில் இருப்பது இரும்பை அறுக்காது. ஆனால் கார் பெயிண்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட்டைக் கீற அதுவே போதும். அந்தப் பூச்சின் கனம் சுமார் 40 மைக்ரான். தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். அவசரமென்றால் கண்ணாடிகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். சாம்பலோடு ஓடுவதால் பெயிண்ட்டுக்குக் கெடுதல் குறைவு. பனி இறங்கியோ தூறல் விழுந்தோ சாம்பல் நனைந்திருந்தால் மட்டும் அன்றே கழுவிவிடுங்கள். ஈரச் சாம்பல் வெயிலில் காய்ந்தால் கறையாக இறுகிவிடும்.

எங்கள் தெருவில் குடம் கணக்கில்தான் தண்ணீர். காருக்கு எவ்வளவு செலவழிப்பது?
(தண்டையார்பேட்டை)

இரண்டு பக்கெட் போதும். ஹோஸ் பிடித்துக் கழுவுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது.

செடிக்கு மருந்தடிக்கும் கை பம்பு ஸ்ப்ரேயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அதில் வெறும் தண்ணீரை நிரப்பி, கூரையிலிருந்து கீழாக அடியுங்கள். கையும் படக் கூடாது, துணியும் படக் கூடாது. சாம்பலில் பாதிக்கு மேல் இதிலேயே வழிந்துவிடும். பிறகு ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பில் நனைத்து ஒரு கதவைத் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். அலசிய பக்கெட்டின் அடியில் தங்கும் கறுப்பு மணலைப் பாருங்கள். ஒரே பக்கெட் வைத்திருந்தால் அவ்வளவும் உங்கள் கதவில் உருண்டிருக்கும். நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டம் போடாதீர்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் தனித்துணி, அதுவும் கடைசியில். கடைசியாக ஸ்ப்ரேயரில் மறுபடி நல்ல தண்ணீர் அடித்து, வேறு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். போட்ட வாக்ஸை அது கழுவிக்கொண்டு போய்விடும்.

போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.
(காசிமேடு)

உப்புதான். மீஞ்சூர் பக்கம் 1960களின் கடைசியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் ஏறிவருகிறது. கடலோரத்து போரைக் கேட்கவே வேண்டாம். முதல் அலசலுக்கு போர் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசல் மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். மாலையில், நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு கழுவி உடனே துடைத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் தண்ணீர் போய் உப்பு நிற்கும். ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றியெடுத்து உடனே அலசுங்கள்.

ராயபுரத்தில் முன்பு பால்கனியில் விரல் வைத்தால் கரி ஒட்டும். காரும் அப்படித்தான் இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது, இல்லையா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ராயபுரம்)

குறைந்திருக்கிறது. நிலக்கரி, இரும்புத்தாது போன்ற தூசு பறக்கும் சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அக்டோபர் முதல் நிறுத்தினார்கள். உங்கள் பால்கனிக்கு நல்லது நடந்தது. ஆனால் அந்தக் கரி மாயமாகிவிடவில்லை, எண்ணூருக்குப் போனது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பலோடு இதுவும் சேர்ந்தது. எண்ணூர்க்காரரின் காரைக் கழுவ நான் வழி சொல்லிவிடலாம். அவர் வீட்டுக் குழந்தை அதே காற்றைத்தான் மூச்சில் இழுக்கிறது. அதற்கு எந்த ஷாம்பும் இல்லை. ராயபுரத்துக்குக் கிடைத்த நீதி எண்ணூருக்கும் கிடைத்தாக வேண்டும்.

வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்திருக்கிறது. உள்ளே துருப்பிடித்துவிட்டதா?
(கொருக்குப்பேட்டை)

உள்ளே இல்லை, மேலே. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசி, லாரி பிரேக் தேய்ந்து, பட்டறையில் இரும்பு அறுத்துப் பறக்கும் துகள்கள் பெயிண்ட்டில் குத்திக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கின்றன. நகத்தாலும் பிளேடாலும் சுரண்டாதீர்கள். அயர்ன் ரிமூவர் என்று கேட்டு வாங்கி அடித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். காயவிடாமல் அலசுங்கள். மிச்சத்துக்கு கிளே பார். ஷாம்பு தண்ணீர் வழுவழுப்போடு, அழுத்தாமல் தடவ வேண்டும். கிளே கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பாலிஷ், வாக்ஸ், செராமிக்: எது போடலாம்?
(திருவொற்றியூர்)

பாலிஷ் பூச்சு இல்லை, தேய்ப்பு. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் கொஞ்சம் எடுத்துவிடும். ஆகவே பொங்கலுக்குப் பொங்கல் ரப்பிங் காம்பவுண்ட் போடும் பழக்கத்தை விடுங்கள். கார்னோபா வாக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது, அழகான மினுமினுப்புத் தரும். ஆனால் நம் மே மாத வெயிலில் தெருவில் நிற்கும் வண்டியில் சில வாரங்களே தாங்கும். தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது சின்தெடிக் சீலன்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கழுவிக் காய்ந்த வண்டியில், மெல்லிசாக. செராமிக் பல மாதம் நிற்கும், கழுவுவதும் சுலபம். ஆனால் கீறலே விழாது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் செராமிக்கும் கீறும்.

டீசலில் துணி நனைத்துத் துடைத்தால் புதுசு மாதிரி மின்னுகிறதே?
(லாரி ஓட்டுநர், மணலி)

அன்று மாலைவரை மின்னும். அந்த எண்ணெய்ப் பசையில் அதற்குள் சாம்பல் வந்து ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பீடிங்கும் கெடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் வண்டியில் ஏறியது. கீழே இன்னும் கறுப்புப் பட்டை போகவில்லை.
(காட்டுக்குப்பம்)

தார் ரிமூவரைத் துணியில் ஊற்றி, பட்டையின் மேல் ஒரு நிமிடம் வைத்திருந்து ஒற்றியெடுங்கள். தேய்க்க வேண்டாம். கையுறை கட்டாயம். பிறகு ஷாம்பு, பிறகு சீலன்ட். அடிப்பகுதியை லிஃப்டில் ஏற்றி மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். அந்தப் படிவுக்கு அடியில் ஈரமும் உப்பும் சிக்கியிருந்தால் துரு உள்ளிருந்து அரிக்கும். துடைத்த துணியைக் கால்வாயில் போட்டுவிடாதீர்கள். உங்கள் முகத்துவாரம் பட்டது போதும்.

வெளியில் நிறுத்தும்போது கவர் போடலாமா?
(டோல்கேட்)

கழுவிய வண்டிக்குப் போடலாம். சாம்பல் படிந்த வண்டிக்குப் போட்டால், கடற்காற்றில் கவர் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு தேய்ப்பு.